இடந்தலை எங்கே போனது?

திண்டிவனம் தாண்டியிருந்தோம். சென்னையிலிருந்து திருச்சிக்குப் பயணம். பக்கத்து இருக்கையில் என் மாமா. இளவயதில் பன்னிரண்டு வருடம் மிருதங்கம் கற்றவர். பிழைப்புக்காக வங்கி வேலைக்குப் போனவர். ஆனால் காதை மேடையிலேயே விட்டுவிட்டார். காரில் ஒரு கச்சேரிப் பதிவின் தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருந்தது. சாலை காலியாக இருந்ததால் வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டியது. மாமா ஒலியைக் கூட்டினார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூட்டினார். பிறகு பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"தொப்பி கேக்கலையேப்பா. வலந்தலை மட்டுந்தான் வருது."

மிருதங்கத்தின் இடது முகத்துக்கு இடந்தலை என்றும் தொப்பி என்றும் பெயர். 'தோம்' என்று அடிவயிற்றில் விழும் நாதம் அங்கிருந்துதான் வருகிறது. நானும் காதைக் கொடுத்துக் கேட்டேன். அவர் சொன்னது சரி. வலது கையின் 'த', 'தி', 'நம்' எல்லாம் கூர்மையாகத் தெறித்தன. இடது கை காற்றில் கரைந்திருந்தது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நின்றது. நின்ற அந்த நொடியில் தொப்பி திரும்பி வந்தது, அதுவும் கதவு அதிரும் அளவுக்கு. ஸ்பீக்கர் அதுவரையிலும் அதை வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எங்கள் காதுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தொப்பியைத் தேடிக் கண்டுபிடித்த கதை இது. நான் தேடிப்போன முதல் இடம் தவறானது. பெரும்பாலானவர்கள் முதலில் அங்கேதான் போகிறார்கள்; ஆகையால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஊர் திரும்பியதும் காருக்குப் புது ஸ்டீரியோ செட் வாங்கினேன். பெட்டியின் மேல் '50 வாட் × 4' என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். இந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் சரிபார்த்துவிடலாம். எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். செட்டுக்குள் இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபையர் சில்லு அந்த உயரத்துக்கு மேல் அலையை எழுப்ப முடியாது. 14.4 வோல்ட் உச்சமுள்ள ஒரு சீரான சைன் அலையை 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் கிடைக்கும் திறன், 14.4-இன் வர்க்கத்தை 8-ஆல் வகுத்த ஈவு: ஏறக்குறைய 26 வாட். சில்லுக்குள்ளேயே ஏற்படும் இழப்பு போகத் திரிபில்லாமல் 18 முதல் 20 வாட் வெளியே வந்தால் அது நல்ல செட். அப்படியானால் 50 எங்கிருந்து வந்தது? அதே வர்க்கத்தை 8-க்குப் பதில் 4-ஆல் வகுத்துப் பாருங்கள், 52 வரும். அலையின் தலையும் அடியும் முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்டால் கிடைக்கும் திறன் அது. இசை அங்கே இருக்காது, கரகரப்புதான் இருக்கும்.

சரி, தனி ஆம்ப்ளிஃபையர் வைத்தால்? அதற்குள் இருக்கும் மின்சுற்று 12 வோல்ட்டைப் பல மடங்கு உயர்த்திக்கொள்ளும். ஆகவே உண்மையிலேயே 80 வாட் கிடைக்கும். 20 வாட்டிலிருந்து 80 வாட், நான்கு மடங்கு. ஆனால் காது மடங்குகளை அப்படியே எண்ணுவதில்லை. திறன் இரண்டு மடங்கானால் 3 டெசிபெல், நான்கு மடங்கானால் 6 டெசிபெல், பத்து மடங்கானால் 10 டெசிபெல். அந்தப் பத்து டெசிபெல் கூடும்போதுதான் சராசரி மனிதர் 'சத்தம் இரட்டிப்பாகிவிட்டது' என்பார். நான்கு மடங்கு திறனுக்காகத் தடித்த மின்கம்பி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி என்று இவ்வளவும் செய்து கிடைப்பது 6 டெசிபெல்.

இங்கே கணக்கைத் திருப்பிப் போடலாம். காருக்குள் நமக்கு வேண்டியது சத்தத்தின் அளவு அல்ல. இசைக்கும் இரைச்சலுக்கும் நடுவே உள்ள இடைவெளி. இரைச்சலை 6 டெசிபெல் இறக்கிவிட்டால், ஒரு வாட் கூடச் சேர்க்காமல், ஆம்ப்ளிஃபையரை நான்கு மடங்காக்கிய பலன் கிடைத்துவிடுகிறது. கூடவே காதுக்கும் ஓய்வு. ஒலியைக் கூட்டி இரைச்சலை வெல்பவர் இரண்டையும் சேர்த்தே காதுக்குள் அனுப்புகிறார். நான் இந்தக் கணக்கைப் போட்டது புது செட்டும் புது ஸ்பீக்கரும் மாட்டி, மறுபடி திண்டிவனம் வரை போய், தொப்பி வராமல் திரும்பிய பிறகு.

தொப்பி மட்டும் ஏன் காணாமல் போக வேண்டும்? வலந்தலை ஏன் போகவில்லை? விடை காதுக்குள் இருக்கிறது. ஒரு சத்தம் இன்னொரு சத்தத்தைக் கேட்கவிடாமல் செய்வதை மறைப்பு என்கிறோம். 1924-இல் அமெரிக்காவில் வெகெல், லேன் என்ற இருவர் இதை முறையாக அளந்தார்கள். ஒரு தொனி தன் அக்கம்பக்கத்து அதிர்வெண்களைத்தான் மிக நன்றாக மறைக்கிறது என்பது அவர்கள் கண்ட ஒன்று. தாழ்ந்த தொனி தனக்கு மேலே உள்ள உயர்ந்த தொனிகளை மறைக்கும், உயர்ந்தது தாழ்ந்ததை அவ்வளவாக மறைக்காது என்பது மற்றொன்று. காரணத்தைக் காதின் நத்தைக்கூட்டில் ஓடும் அலையைப் பார்த்து விளக்கியவர் கேயார்க் வான் பேகேஷி. அதற்காக 1961-இல் நோபெல் பரிசு பெற்றார். நத்தைக்கூட்டின் வாசலருகே உயர்ந்த அதிர்வெண்களுக்கான இடம், கடைக்கோடியில் தாழ்ந்தவற்றுக்கான இடம். தாழ்ந்த ஒலியின் அலை கடைக்கோடி வரை போயாக வேண்டும். போகிற வழியில் உயர்ந்தவற்றின் வீட்டுவாசல்களையும் அது அதிரவைத்துக்கொண்டே போகிறது.

தொப்பியின் நாதம் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. சாலையின் உறுமலும் அங்கேதான் இருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு ஊர்வலம். வலந்தலையின் கூர்மையான சொற்களோ மேல் அதிர்வெண்களில், உறுமல் மெலிந்துபோன இடத்தில் ஒலிக்கின்றன. போதாக்குறைக்குத் தாழ்ந்த ஒலிகளைக் கேட்பதில் நம் காதுகள் இயல்பிலேயே மந்தம். 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் வரைந்த சமசத்த வளைகோடுகள் இதைத்தான் காட்டின. ஆக, தொப்பி பந்தயத்தில் பின்னால் நின்று ஓடத் தொடங்குகிறது, அதன் பாதையில்தான் கூட்டமும் இருக்கிறது.

அலைபேசியில் ஒலியளவு காட்டும் செயலியைப் போட்டுப் பார்த்தேன். ஏமாற்றம்தான். பொதுவாக அந்தச் செயலிகள் 'ஏ எடையிட்ட' டெசிபெலைக் காட்டுகின்றன. காதின் மந்தத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் அது. 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபெலையும், 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபெலையும் கழித்துவிட்டுத்தான் எண்ணைச் சொல்லும். எனக்கு எது எதிரியோ அதைத்தான் அது பாராமல் விட்டது. அலைநிரலைக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டதும் படம் தெளிவானது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்று மலைத்தொடர் போல் ஒரு கோடு. அதில் ஒவ்வொரு சிகரத்துக்கும் ஊர்பேர் உண்டு.

முதல் சிகரம் எஞ்சின். என் வண்டியில் மூன்று சிலிண்டர். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். மூன்று சிலிண்டர் என்றால் சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு. நிமிடத்துக்கு 2400 சுற்றில் ஓடும்போது வினாடிக்கு 40 சுற்று, அதாவது 60 வெடிப்பு. 60 ஹெர்ட்ஸில் சிகரம். கியரை இறக்கினால் சிகரம் வலப்பக்கம் நகரும். சந்தேகமே இல்லாத அடையாளம்.

இரண்டாவது சிகரம் 230 ஹெர்ட்ஸை ஒட்டி இருந்தது, வேகத்தை மாற்றினாலும் பெரிதாக நகரவில்லை. இது டயருக்குள் இருக்கும் காற்று. டயரின் உள்வெளி ஒரு வளையக் குழாய். 14 அங்குலச் சக்கரத்தில் அந்த வளையத்தின் நடுச்சுற்றளவு சுமார் 1.5 மீட்டர். வினாடிக்கு 343 மீட்டர் ஓடும் ஒலி, ஒரு சுற்றுக்குள் ஒரு முழு அலையாகப் பொருந்திக்கொள்ளும் அதிர்வெண் சுமார் 230. சாலையின் ஒவ்வொரு பொத்தலும் இந்தக் குழாயைத் தட்டுகிறது, அது ஒரே சுருதியில் முனகுகிறது. பாலத்தின் இணைப்பு மேல் ஏறும்போது 'டொய்ங்' என்று ஒரு வெற்றொலி கேட்குமே, அது இதுதான். சில டயர் நிறுவனங்கள் உள்பக்கத்தில் ஃபோம் பட்டை ஒட்டி விற்பது இதை அடக்கத்தான்.

மீதியெல்லாம் சிகரமில்லாத பெரிய மேடு. தாழ்ந்த பகுதியில் சாலையின் கரடு, சஸ்பென்ஷன் வழியாக உடல்தகட்டில் ஏறி, தகடே ஒலிபெருக்கியாகிவிடுகிறது. உயர்ந்த பகுதியில் காற்று. காற்றின் சத்தத்துக்கு ஒரு பயங்கரமான விதி உண்டு. கண்ணாடி, கதவு விளிம்பு போன்ற திடப்பரப்புகளில் மோதிச் சுழலும் காற்றின் ஒலித்திறன் வேகத்தின் ஆறாவது அடுக்கை ஒட்டி வளர்கிறது. வேகம் இரட்டித்தால் ஒலித்திறன் 64 மடங்கு. 80-லிருந்து 100-க்குப் போனாலே ஏறக்குறைய 6 டெசிபெல். நூறில் போகிறவர் எண்பதுக்கு இறங்கினால் காற்றைப் பொறுத்தவரை நான்கு மடங்கு ஆம்ப்ளிஃபையரை இலவசமாகப் பெறுகிறார்.

இனி வைத்தியம். கடைகளில் எல்லாவற்றையும் 'சவுண்ட் ப்ரூஃப் ஷீட்' என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். உண்மையில் அவை வெவ்வேறு வேலை செய்யும் வெவ்வேறு பொருட்கள். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. காசு வீணாவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான்.

உங்கள் கார்க் கதவின் வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டுங்கள். 'டண்' என்று இழுத்து ஒலிக்கிறதா? அந்தத் தகடு முக்கால் மில்லிமீட்டர் கனம் கூட இருக்காது. எஃகு தனக்குள் ஆற்றலை விழுங்கிக்கொள்ளத் தெரியாத உலோகம். ஒருமுறை அசைந்தால் நெடுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும். கோயில் மணியும் அப்படித்தான். ஆனால் அடித்த மணியை உள்ளங்கையால் தொட்டால் நின்றுவிடுகிறது. சதை அந்த அதிர்வை வாங்கி வெப்பமாக்கிவிடுகிறது. அந்த உள்ளங்கையின் வேலையைச் செய்வதுதான் டேம்பிங் ஷீட். மேலே மெல்லிய அலுமினியத் தாள், கீழே ஒட்டும் தன்மையுள்ள பியூட்டைல் ரப்பர்.

அலுமினியம் அழகுக்கு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அதுதான் இதில் முக்கியம். தகடு வளையும்போது ரப்பரின் அடிப்பக்கம் தகட்டோடு நீளுகிறது. மேலே ஒட்டியிருக்கும் அலுமினியம் நீள மறுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் சீட்டுக்கட்டைச் சாய்த்தது போல் பக்கவாட்டில் சறுக்குகிறது. ஒவ்வொரு சறுக்கலிலும் அதிர்வின் ஆற்றல் வெப்பமாகிறது. இந்தக் கட்டுண்ட அடுக்கு முறையின் கணக்கை 1959-இல் வெளியிட்டவர் எட்வர்ட் கெர்வின். காரின் முன்கண்ணாடியும் ஒருவகையில் இந்தக் குடும்பம்தான்: இரண்டு கண்ணாடிக்கு நடுவே மென்மையான ஒரு பிளாஸ்டிக் படலம்.

இது புரிந்தால் ஒட்டும் முறையும் புரிந்துவிடும். ரப்பர் தகட்டைக் கவ்வினால்தான் சறுக்கல் நடக்கும். ஆகவே எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, கை ரோலரால் அலுமினியத்தின் புடைப்புக் கோடுகள் தட்டையாகும் வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். உள்ளே காற்றுக்குமிழி நின்ற இடத்தில் ஷீட் வெறும் எடைதான். இன்னொன்று: தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. விளிம்புகள் பற்றவைப்பால் ஏற்கெனவே இறுகியிருக்கின்றன. நடுப்பகுதிதான் அதிகம் வளைகிறது. அந்த நடுவில் கால்பங்கு பரப்பை மூடினாலே 'டண்' என்ற ஒலி 'தப்' என்று மாறிவிடும். அதற்குமேல் ஒட்ட ஒட்டப் பலன் மெலிந்துகொண்டே போகும், எடை மட்டும் ஏறும். நான்கு கதவையும் கூரையையும் கால்பங்கு மூடுவது, ஒரே கதவை இரண்டு அடுக்கு மூடுவதைவிட எவ்வளவோ மேல்.

இதைச் சொன்னபோது மாமா, "நாங்க ரவை வைக்கிற மாதிரி" என்றார். நான் யோசித்துப் பார்க்காத ஒப்பீடு. கச்சேரிக்கு முன் தொப்பியின் நடுவில், ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புவார்கள். எடை கூடுவதால் தோலின் சுருதி இறங்குகிறது. ஈரப்பசையாக இருப்பதால் மேல் சுருதிகளின் கூர்மையும் அடங்கி, நாதம் கனத்து உருண்டு வருகிறது. வலந்தலையில் நிரந்தரமாக இருக்கும் கறுப்புக் கரணையின் வேலை வேறு. சாதாரணத் தோல்முகத்தின் மேல்சுருதிகள் அடிப்படைச் சுருதிக்கு இசைவான மடங்குகளாக அமையாது. அதனால்தான் சாதாரண மேளத்தில் தெளிவான ஸ்வரம் பிறப்பதில்லை. நடுவில் அடுக்கடுக்காக ஏற்றிய கரணையின் எடை, மேல்சுருதிகளை இழுத்து இசைவான மடங்குகளில் கொண்டுவந்து நிறுத்துகிறது. 1920-இல் சி.வி. ராமன் ஓர் உதவியாளருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு கட்டுரை இதைப் பற்றியதுதான். 1934-இல் இன்னும் விரிவாக எழுதினார். தோலின் மேல் நுண்ணிய மணலைத் தூவி, அது எங்கே சேர்கிறது என்று பார்த்து அதிர்வின் வடிவங்களைப் பிரித்துக் காட்டினார். ஒளிச்சிதறலுக்காக உலகம் அறிந்த அந்தத் திருச்சிராப்பள்ளிக்காரர், அதற்கு முன்பே மிருதங்கம் செய்யும் கைவினைஞர்களின் தலைமுறை அறிவை இயற்பியலின் மொழியில் எழுதிவைத்தார் என்பது எனக்குத் தனிப்பட்ட பெருமை. கரணையும் ரவையும் ஷீட்டும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. அதிரும் பரப்பில் எதை ஒட்டுகிறோம், எங்கே ஒட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் குரல் மாறும்.

ஷீட் வாங்கும்போது மோந்து பாருங்கள். தார் நாற்றம் அடித்தால் அது பிட்டுமன். கூரை ஒழுகலுக்கு ஒட்டும் பட்டையும் அதே இனம், விலை குறைவு. தொழிற்சாலையில் தரையில் போடும் பிட்டுமன் தகடு பெயின்ட் அடுப்பின் சூட்டில் உருகி இறுகப் படிந்துவிடுகிறது. அது வேறு விஷயம். நாம் கதவிலும் கூரையிலும் குளிராக ஒட்டும் பிட்டுமன், சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் இளகித் தொங்கும். பியூட்டைல் அந்தச் சூட்டைத் தாங்கும்.

டேம்பிங் ஷீட் அடக்குவது தகட்டின் ஆட்டத்தை. காற்றில் வரும் சத்தத்தை அது தடுக்காது. அதற்கு வேண்டியது எடை. ஒரு சுவரின் எடையை இரட்டித்தால் அது தடுக்கும் ஒலி 6 டெசிபெல் கூடும் என்பது நிறை விதி. கதவின் எஃகு சதுர மீட்டருக்குச் சுமார் 5.5 கிலோ. அதே எடையுள்ள கனத்த வினைல் விரிப்பை, இடையில் ஒரு மெத்தையான ஃபோம் வைத்து உள்ளே தொங்கவிட்டால் விதிப்படி 6 டெசிபெல். ஆனால் இந்த விதி எதிர்பார்ப்பது ஓட்டையே இல்லாத சுவர். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடுக்கு இருந்தால் போதும், சுவர் ஈயத்தால் ஆனதாக இருந்தாலும் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்க முடியாது. நூற்றில் ஒரு பங்கு ஒலித்திறன் அந்த இடுக்கு வழியே அப்படியே உள்ளே வந்துவிடுகிறதே!

எனவே விரிப்பு வாங்குவதற்கு முன் ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் செத்துவிட்டது. எட்டு வருடம் வெயிலில் நின்ற என் வண்டியில், ஓட்டுநர் பக்கக் கதவின் மேல்மூலையில் காகிதம் தானாகவே விழுந்தது. இந்த வேலை முழுவதிலும் நான் செலவழித்த காசுக்கு அதிகப் பலன் தந்தது அந்தக் கதவுக்கு மாற்றிய புது பீடிங்தான்.

முட்டை ட்ரே வடிவ ஃபோமைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நுண்துளைப் பொருள் ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் அதன் கனம் அலைநீளத்தின் கால்பங்கை நெருங்க வேண்டும். 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் 3.4 மீட்டர், கால்பங்கு 86 சென்டிமீட்டர். ஓர் அங்குல ஃபோம் உயர்ந்த சீறலைக் குறைக்கும். தொப்பியை மீட்டுத் தராது.

கதவுக்குத் திரும்புவோம், ஏனென்றால் அங்கேதான் இரைச்சலின் கதையும் ஸ்பீக்கரின் கதையும் சந்திக்கின்றன. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முன்னால் அழுத்தம், பின்னால் தளர்ச்சி. இரண்டும் கலந்துவிட்டால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அலைநீளம் பெரிதாக இருக்கும் தாழ்ந்த ஒலியில் இந்த அழிவு மிக மோசம். வீட்டு ஸ்பீக்கரை மரப்பெட்டிக்குள் அடைப்பது அதற்காகத்தான். காரில் கதவுதான் பெட்டி. ஆனால் டோர் பேடைக் கழற்றிப் பாருங்கள். உள்தகட்டில் கை நுழையும் அளவு ஓட்டைகள், அவற்றின் மேல் மழைநீர் உள்ளே வராமல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் காகிதம். பின்பக்க அலை அந்தக் காகிதத்தின் வழியே உள்ளே வந்து முன்பக்க அலையோடு கலந்துவிடுகிறது. விலை உயர்ந்த ஸ்பீக்கரை இந்தக் கதவில் மாட்டினால், அழிவும் அதே விகிதத்தில் நடக்கும். எனக்கு நடந்தது அதுதான்.

அந்த ஓட்டைகளை மெல்லிய அலுமினியத் தகடு வைத்து, மேலே டேம்பிங் ஷீட் ஒட்டி மூடினோம். ஸ்பீக்கருக்குப் பின்னால் வெளித்தகட்டிலும் ஒரு துண்டு. ஸ்பீக்கரை நேராகத் தகட்டில் திருகாமல், தண்ணீரில் ஊறாத கனத்த பிளாஸ்டிக் வளையத்தில் திருகினோம்; எம்.டி.எஃப். பலகை வளையம் மலிவுதான், ஆனால் ஒரு மழைக்காலத்தில் அப்பளம் போல் உப்பிவிடும். ஒரு கதவை முடித்துவிட்டு, முடிக்காத கதவோடு ஒப்பிட்டுக் கேட்டோம். அதே செட், அதே ஸ்பீக்கர், அதே பாட்டு. வேலை முடிந்த பக்கத்தில் மட்டும் தவிலுக்கு உடல் இருந்தது.

இதில் நான் செய்த தவறையும் எழுதுவது கடமை. கதவு உள்ளே நனையாது என்று நம்பினேன். ஜன்னல் கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடிவிளிம்பில் இருக்கும் சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும், அதுதான் வடிவமைப்பு. முதல் கதவில் ஆர்வத்தில் அந்தத் துளைகளில் ஒன்றின் மேலும் ஷீட்டை ஒட்டிவிட்டேன். ஐப்பசி மழையில் கதவைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் தளும்பியது. நல்லவேளை, துரு பிடிப்பதற்குள் கவனித்தேன். இன்னொன்று இதைவிடத் தீவிரமானது. பக்கவாட்டு மோதலை உணர, சில கார்களில் கதவுக்குள்ளேயே காற்றழுத்த உணரி இருக்கும். கதவு நசுங்கும்போது உள்ளழுத்தம் ஏறுவதை அளந்து ஏர்பேகை விரிக்கச் சொல்வது அது. அப்படிப்பட்ட கதவின் காற்றிறுக்கத்தை மாற்றக் கூடாது. முன்தூணில் ஏர்பேக் மடித்து வைத்திருக்கும் வண்டியில் அங்கே ட்வீட்டர் பொருத்தவும் கூடாது. எந்த இசையும் அதற்கு ஈடாகாது.

இரைச்சல் இறங்கியதும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அதுவரை கேட்காத சில்லறைச் சத்தங்கள் தலைகாட்டின. டேஷ்போர்டில் ஒரு 'கிரீச்', பின்னால் எங்கோ ஒரு 'கடகட'. புதிதாகப் பிறந்தவை அல்ல, உறுமலின் மறைப்பில் ஒளிந்திருந்தவை. கடகடப்புக்குக் காரணம் தளர்ந்த கிளிப்போ, ஒன்றோடொன்று உரசும் வயரோ. கையால் ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே இன்னொருவரை ஓட்டச் சொன்னால் அகப்பட்டுவிடும். கிரீச்சுக்குப் பின்னால் அழகான இயற்பியல் இருக்கிறது. இரண்டு பிளாஸ்டிக் பரப்புகள் முதலில் ஒட்டி நிற்கின்றன. விசை கூடியதும் வழுக்குகின்றன. உடனே மறுபடி ஒட்டுகின்றன. வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை இந்த ஒட்டலும் வழுக்கலும் நடந்தால் ஒரு சுருதி பிறக்கிறது. வயலின் வில் தந்தியில் செய்வதும் இதையேதான். வில்லிழுத்த தந்தியின் அதிர்வைப் பற்றி ராமன் 1918-இல் ஒரு நீண்ட ஆய்வுநூல் எழுதியிருக்கிறார். வயலினில் ஒட்டலுக்காக வில்லில் பிசின் தடவுகிறோம். டேஷ்போர்டில் ஒட்டல் நேராமலிருக்க இரண்டு பரப்புக்கும் நடுவே துணிப்பட்டை ஒட்டுகிறோம்.

கடைசியாக, காசே செலவில்லாத ஒரு திருத்தம். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். வலது ஸ்பீக்கர் அவருக்கு அருகில், இடது ஸ்பீக்கர் தொலைவில். தூர வித்தியாசம் 60 சென்டிமீட்டர் என்றால் வலது ஒலி சுமார் 1.75 மில்லிவினாடி முன்னதாக வந்து சேரும். முதலில் வந்த ஒலி எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் எல்லாமே வருகிறது என்று மூளை முடிவுகட்டிவிடும். 1949-இல் ஹெல்முட் ஹாஸ் இதை ஆராய்ந்தார். பாடகர், வயலின், மிருதங்கம் அனைவரும் வலது கதவில் வந்து நெருக்கிக்கொண்டு உட்காருவது அதனால்தான். செட்டில் டைம் அலைன்மென்ட் என்ற வசதி இருந்தால், ஒரு நூலை எடுத்துத் தலையிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தூரம் அளந்து எண்ணைப் போடுங்கள். மேடை டேஷ்போர்டின் நடுவுக்கு நகரும். பாடகர் நடுவில், பக்கத்துக்கு ஒருவராக வயலினும் மிருதங்கமும்.

தை மாதத்தில் மறுபடி திருச்சிக்குப் போனோம். பீடிங் புதிது. கதவுகளிலும் கூரையிலும் பின்சக்கர வளைவிலும் கால்பங்கு ஷீட். டயரின் காற்றழுத்தம் கதவில் ஒட்டியிருக்கும் அட்டையில் சொன்னபடி. ஸ்பீக்கர் அதே ஸ்பீக்கர். தனி ஆம்ப்ளிஃபையர் வாங்கவில்லை. 230 ஹெர்ட்ஸ் முனகல் அப்படியேதான் இருக்கிறது; டயர் தேய்ந்து மாற்றும்போதுதான் அதற்கு வழி. திண்டிவனம் தாண்டி எண்பதில் போனபோது மாமா அதே பதிவைப் போட்டார். முன்பு 28-இல் வைத்த ஒலியை 19-க்கு இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தொப்பியில் உள்ளங்கையை அழுத்தி இழுக்கும் கும்கி, கரைந்துபோகாமல் முழு வளைவோடு வந்தது.

கொஞ்ச தூரம் போனதும் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"ரவை காஞ்சிக்கிட்டு வருதுப்பா. சுருதி லேசா ஏறுது பாரு. இந்த உருப்படி முடிஞ்சதும் தண்ணி தொட்டு வைப்பாரு."

உருப்படி முடிந்தது. கைதட்டல் அடங்கியது. தம்புரா மட்டும் கொஞ்ச நேரம் தனியாக ஒலித்தது. அதன் நடுவே, யாரோ தொப்பியை இரண்டு விரலால் மெல்லத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. சுருதி முன்பைவிட ஓர் இழை கீழே இறங்கியிருந்தது.